எப்போதும் அதே பக்கம்: மூளை இரத்தக்குழாய்ப் பிறழ்வுகளும் அரிய தலைவலிகளும்

தலையின் ஒரு பாதியில் எழும் வலிக்குத் தமிழ் வழங்கியுள்ள பெயர் ஒற்றைத் தலைவலி. பழைய கிரேக்க மருத்துவர் கேலன் அதை ‘ஹெமிக்ரேனியா’, அதாவது அரை மண்டை என்றார். அச்சொல்லே நாளடைவில் தேய்ந்து ‘மைக்ரேன்’ ஆயிற்று. சுசுருத சங்கிதை அதனை ‘அர்த்தாவபேதகம்’, அதாவது பாதியைப் பிளப்பது என்று குறிக்கிறது. வெவ்வேறு மரபுகளில் வழங்கிய இம்மூன்று பெயர்களும் வலியின் கடுமையையும் அது நீடிக்கும் நேரத்தையும் விட்டுவிட்டு, வலி நிற்கும் இடத்தையே பெயருக்கு அடிப்படையாகக் கொண்டிருக்கின்றன. ஆயினும், இப்பெயரால் அழைக்கப்படும் நோயுடையவர்களில் பலருக்கு வலி ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமுமாக இடம் மாறுகிறது. சிலருக்கு இரு பக்கமும் பரவுகிறது. பல ஆண்டுகளாக வந்துபோகும் வலி ஒருமுறைகூடப் பக்கம் மாறியதில்லை என்று சொல்பவர்கள் குறைவு. அவர்களிலும் மிகப் பெரும்பாலோருக்கு மூளையில் குறை எதுவும் இராது. எஞ்சிய மிகச் சிலருக்கு மட்டும், வலிக்கும் அதே பக்கத்தில், பிறவியிலேயோ பின்னரோ பின்னல் பிசகிப்போன இரத்தக்குழாய்கள் இருக்கின்றன.

அந்த மிகச் சிலரின் தலைவலியே இச்சொற்பொழிவின் பொருள். எண்ணிக்கையில் அரியவையான இந்நோய்கள், எல்லாத் தலைவலிகளையும் அணுகும் முறைக்கு ஒரு பாடத்தை வழங்குகின்றன. மருத்துவம் இங்கே இருவகையில் தவறக்கூடும்: உள்ளே இருக்கும் குறையைக் காணாமல் சாதாரணத் தலைவலி என்று விட்டுவிடுவது ஒன்று, ஸ்கேன் படத்தில் ஒரு குறை தென்பட்டவுடன் வலிக்கு அதுவே காரணம் என்று முடிவுகட்டிவிடுவது மற்றொன்று. முதல் தவறு பலரும் அறிந்தது, அஞ்சுவது. இரண்டாவது தவறோ படமெடுக்கும் வசதி பெருகப் பெருகத் தானும் பெருகுவது. அதனால் விளையும் தீங்கும் சிறியதன்று.

வலியை உணராத மூளையும் வலிக்கும் தலையும்

உடலின் வலிகள் அனைத்தையும் உணர்வது மூளை. ஆனால் மூளைத் திசுவுக்குத் தன் வலியை உணரும் நரம்பு முனைகள் இல்லை. 1940ஆம் ஆண்டு, நியூயார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பிரான்சன் ரேயும் நரம்பியல் அறிஞர் ஹரால்டு உல்ஃபும், மரப்பு மருந்து மட்டும் கொடுத்து விழித்த நிலையிலேயே மண்டை திறக்கப்பட்ட நோயாளிகளிடம் இதனை முறையாக ஆராய்ந்து வெளியிட்டனர். மூளைத் திசுவைத் தொட்டபோது நோயாளிகள் வலியை உணரவில்லை. மூளையைப் போர்த்தியுள்ள தடித்த வெளிச்சவ்வாகிய வன்னுறையின் சில பகுதிகளையும், அதில் ஓடும் தமனிகளையும், பெருஞ்சிரைக் குழிகளையும், மூளையின் அடித்தளத்துப் பெருந்தமனிகளையும் தொட்டோ இழுத்தோ பார்த்தபோதுதான் வலித்தது. ஆக, தலைக்குள் பிறக்கும் வலி என்பது பெரும்பாலும் உறைகளின் வலியும் இரத்தக்குழாய்களின் வலியுமே ஆகும்.

அந்த வலியை ஏந்திச் செல்வது ஐந்தாவது மூளை நரம்பு. முகத்தில் மூன்று கிளைகளாகப் பிரிவதால் முக்கிளை நரம்பு எனப்படும் அது, மண்டைக்குள் இருக்கும் முன்பகுதி உறைகளுக்கும் இரத்தக்குழாய்களுக்கும் தன் முதற்கிளையிலிருந்து இழைகளை அனுப்புகிறது. நெற்றிக்கும் கண்ணுக்கும் உணர்வு தருவதும் அதே கிளைதான். உள்ளே எங்கோ ஒரு குழாய் இழுபடும்போது நெற்றியிலும் கண்ணின் பின்னாலும் வலிப்பது இதனால்தான். மண்டையின் பின்குழிக்குள் எழும் வலியைக் கழுத்தின் மேற்பகுதி நரம்புகள் ஏற்றுக்கொள்வதால் அது பிடரியில் உணரப்படுகிறது. இந்த நரம்பிழைகள் பெரும்பாலும் தத்தம் பக்கத்தைத் தாண்டுவதில்லை. எனவே இடப்பக்க உறையின் துன்பம் இடப்பக்க வலியாகவே வெளிப்படுகிறது. பக்கம் மாறாத வலி மருத்துவரின் கவனத்தை ஏன் ஈர்க்கவேண்டும் என்பதற்கு உடற்கூறு தரும் விடை இது.

இரத்தக்குழாய் எவ்வாறு வலியை உண்டாக்குகிறது என்பது குறித்த எண்ணங்கள் மாறிக்கொண்டே வந்துள்ளன. எர்காட்டமைன் என்னும் மருந்து கொடுத்தவுடன் நெற்றிப்பொட்டுத் தமனியின் துடிப்பு தணிவதையும், கூடவே வலியும் தணிவதையும் ஜான் கிரஹாமும் உல்ஃபும் 1938இல் பதிவுசெய்தனர். குழாய் விரிவதே மைக்ரேனின் வலி என்ற கொள்கை அதிலிருந்து எழுந்து நெடுங்காலம் கோலோச்சியது. பின்னர், குழாயைச் சுற்றியுள்ள நரம்பு முனைகளே சில வேதிப்பொருள்களை வெளியிட்டு வலியைத் தொடங்கிவைக்கின்றன என்பதை பாஸ்டன் நகரத்து மைக்கேல் மாஸ்கோவிட்சும் பிறரும் எடுத்துக்காட்டினர். அவ்வேதிப்பொருள்களுள் தலையாயது சி.ஜி.ஆர்.பி. என்னும் சிறு புரதக்கூறு. அதைத் தடுக்கும் ஊசிமருந்துகள் 2018 முதல் மைக்ரேனுக்குப் பயன்பட்டு வருகின்றன.

மைக்ரேனுக்கு முன்னோடியாகச் சிலருக்குத் தோன்றும் பார்வைக் கோலங்களுக்கு ‘ஆரா’ என்று பெயர். கண்முன் ஒரு சிறு புள்ளியில் தொடங்கும் மின்னும் வளைகோடு மெல்ல விரிந்து, தான் கடந்த இடத்தில் பார்வையை மறைத்துக்கொண்டே விளிம்பை நோக்கி நகரும். அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் லாஷ்லி தமக்கு வந்த கோலங்களையே வரைந்து அளந்து, பார்வைக்குரிய மூளைப்புறணியின் மேல் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து செல்லவேண்டும் என்று 1941இல் கணித்தார். அடுத்த 3 ஆண்டுகளில், ஹார்வர்டில் ஆய்ந்துகொண்டிருந்த பிரேசில் நாட்டவரான அரிஸ்டிடஸ் லியோ, முயலின் மூளைப்புறணியில் ஏறத்தாழ அதே வேகத்தில் பரவும் மின் அடக்க அலை ஒன்றைக் கண்டறிந்தார். இந்தப் புறணி அலை எதனால் கிளர்கிறது என்ற வினாவுக்கு இரத்தக்குழாய்ப் பிறழ்வுகள் ஒரு பகுதி விடையை அளிக்கின்றன.

தந்துகி இல்லாத குறுக்குவழி

இயல்பான அமைப்பில் இதயத்திலிருந்து வரும் இரத்தம் தமனிகள் வழியே மிகுந்த அழுத்தத்துடன் வந்து, மயிரிழையினும் மெல்லிய தந்துகிகளில் பரவி, அழுத்தம் முழுதும் தணிந்த பின்னரே சிரைகளை அடைகிறது. தந்துகிப் பரப்பு, மதகுக்கும் வயலுக்கும் இடையே கிளைத்துச் செல்லும் வாய்க்கால்களைப் போன்றது. பாய்ச்சலும் அங்கே நிகழ்கிறது, வேகமும் அங்கே அடங்குகிறது. ஏ.வி.எம். என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்லும் தமனி-சிரைப் பின்னலில் இந்த இடைப்பரப்பு இல்லை. தமனிகள் சிக்குண்ட நூற்கண்டு போன்ற ஒரு முடிச்சின் வழியாக நேரே சிரைகளில் திறக்கின்றன. விரைந்தோடும் இரத்தத்துக்கு ஈடுகொடுக்கத் தமனிகள் பருக்கின்றன. அழுத்தம் தாங்கப் படைக்கப்படாத சிரைகள் புடைத்து நெளிகின்றன. அருகிலுள்ள நலமான மூளைத் திசு தன் பங்கு இரத்தத்தைச் சில வேளைகளில் இழக்கிறது.

ஜெர்மானிய உடற்கூற்றறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இதனை விவரித்திருந்தபோதிலும், உயிரோடிருப்பவரின் தலைக்குள் இப்பின்னலைக் காணும் வழி அப்போது இல்லை. லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் 1927இல் தமனிக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் ஆஞ்சியோகிராம் முறையை உருவாக்கிய பின்னரே அது கண்ணுக்குப் புலனாயிற்று. அதற்கு மறு ஆண்டாகிய 1928இல், அமெரிக்க அறுவை மருத்துவர்களான ஹார்வி குஷிங்கும் வால்டர் டேண்டியும் தனித்தனியே இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினர். அறுவையின்போது இப்பின்னலில் எதிர்ப்பட்ட இரத்தப்பெருக்கே அவர்களை மிகவும் அச்சுறுத்தியது. ஆண்டுதோறும் 1,00,000 பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு மட்டுமே புதிதாகக் கண்டறியப்படும் இப்பிறழ்வு, பெரும்பாலும் இரத்தக்கசிவாலோ வலிப்பாலோ வெளிப்படுகிறது. கசிவு நேரும் வாய்ப்பு ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது.

கசிவு நேராத நிலையில் தலைவலியாக மட்டும் வெளிப்படும் பின்னல்களில், பார்வைப் புறணி அமைந்திருக்கும் பிடரி மடலைச் சார்ந்தவை தனி இடம் பெறுகின்றன. இவை மூளையின் பின்தமனியிலிருந்து மட்டுமன்றி, வலி நரம்புகள் செறிந்த உறைத் தமனிகளிலிருந்தும் இரத்தம் பெறுவதுண்டு. அவற்றின் அழுத்தம் மிகுந்த சிரைகள் பார்வைப் புறணியின் மேலேயே படிந்து கிடக்கின்றன. ஆகவே உறையின் வலியும் புறணியின் கிளர்ச்சியும் ஒருங்கே நிகழ்ந்து, ஆராவுடன் கூடிய மைக்ரேனைப் போன்றே தோன்றும் நோய்க்கோலம் உருவாகிறது. இடப்பக்கப் பின்னல் உடையவருக்குத் தலையின் இடப்பக்கம் வலிக்கும்; ஒளிக்கோலமோ நரம்பு வழிகள் குறுக்கிடுவதால் பார்வையின் வலப்பாதியில் தோன்றும்; ஆண்டுகள் பல கழிந்தாலும் இவ்விரண்டும் இடம் மாறுவதில்லை.

உண்மையான மைக்ரேனிலிருந்து இதனைப் பிரித்தறியச் சில நுண்ணிய வேறுபாடுகள் துணைசெய்கின்றன. மைக்ரேனின் ஆரா 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை மெல்லப் பரவி, வலிக்கு முன்னரே பெரும்பாலும் முடிந்துவிடும். பின்னலால் விளையும் கோலங்களோ சிலருக்குச் சட்டெனத் தோன்றிச் சில நொடிகளில் மறையும். சிலருக்கு வலி தொடங்கிய பின்னரே வரும். வண்ண வட்டங்களாகத் தோன்றினால் அவை பிடரி மடலில் எழும் வலிப்பின் அடையாளமாகவும் இருக்கலாம். இவற்றுள் எதுவும் தனித்து நின்று நோயை உறுதிசெய்வதில்லை. பக்கம் மாறாமை, ஒழுங்கு மாறிய ஆரா, வலிப்பு, பார்வைப் புலத்தில் நிலைத்த குறை ஆகியவை சேர்ந்து வரும்போதுதான் ஐயம் வலுக்கிறது. கொத்துத் தலைவலி, முக்கிளை நரம்புவலி போன்ற பிற நோய்களும் இயல்பாகவே ஒரு பக்கத்தை விட்டு நீங்காதவை என்பதை இங்கே மறந்துவிடலாகாது.

காதில் கேட்கும் நாடித்துடிப்பு

மூளைக்குள் அன்றி வன்னுறைக்குள்ளேயே தமனியும் சிரையும் முறைதவறி இணைவது மற்றொரு வகை. இது பிறவிக் குறையாகப் பெரும்பாலும் அமைவதில்லை. தலைக்காயத்துக்குப் பின்னரோ, பெருஞ்சிரைக் குழியில் இரத்தம் உறைந்து அடைத்த பின்னரோ, நடுவயதிலும் முதுமையிலும் உண்டாவது. வலி நரம்புகள் நிறைந்த உறையிலேயே நிகழ்வதால் இதில் தலைவலி வியப்புக்குரியதன்று. இந்நோயைக் காட்டிக்கொடுக்கும் தனி அறிகுறி ஓர் ஒலி. காதுக்குப் பின்புறமுள்ள சிரைக்குழியில் தமனி இரத்தம் பாயும்போது, நோயாளிக்குத் தம் நாடித்துடிப்போடு ஒத்திசைந்த இரைச்சல் ஒரு காதில் ஓயாது கேட்கிறது. இரவின் அமைதியில் அது உறக்கத்தையே கெடுக்கிறது. பொதுவான காதிரைச்சலைப் பிறர் கேட்க இயலாது. இதனையோ மருத்துவர் தம் ஸ்டெதஸ்கோப்பைக் காதின் பின்னாலோ மூடிய கண்ணின் மேலோ வைத்துத் தாமும் கேட்க முடிவதுண்டு. நவீனக் கருவிகளின் காலத்திலும் சில நொடி நேரச் செவிமடுப்பால் துப்புக் கிடைக்கும் நோய் இது.

கண்ணுக்குப் பின்னாலுள்ள சிரைக்குழியில் இத்தகைய இணைப்பு ஏற்படின், கண் சிவந்து பிதுங்கும். கண்ணசைவு நரம்புகள் தளர்வதால் காட்சி இரண்டாகத் தெரியும். கண்ணின் பின்னால் ஆழ்ந்த வலி எழும். சிரைகளில் அழுத்தம் ஏறுவதால் மண்டைக்குள் இருக்கும் அழுத்தமே உயருமானால், வலி காலையில் மிகும். குனிந்து நிமிரும்போது பார்வை ஒரு கணம் மங்கும். விழித்திரையின் நரம்புத்தட்டு வீங்கியிருப்பதைக் கண் மருத்துவர் காண்பார். இவ்விணைப்புகளின் ஆபத்தை அவற்றின் இரத்தம் எங்கே வடிகிறது என்பதே தீர்மானிக்கிறது. உறைச்சிரையோடு நின்றால் பெரும்பாலும் தொல்லை மட்டும்தான். மூளையின் புறணிச் சிரைகளுக்குள் எதிரோட்டமாகப் பாய்ந்தால் இரத்தக்கசிவுக்கு இடமாகிறது. 1995இல் வெளியான போர்டன், கொன்யார் வகைப்பாடுகள் இரண்டும் இந்த வடிகாலின் போக்கையே அளவுகோலாகக் கொண்டுள்ளன. தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, இணைப்பை உள்ளிருந்தே பிசினால் அடைத்துவிடும் முறையால் இவற்றுள் பல முற்றிலும் குணமாகின்றன. அடைபட்டவுடன் காதின் இரைச்சல் நின்றுபோவதே நோயாளி அறியும் முதல் பயன்.

முகத்தில் எழுதப்பட்ட நோய்

1879இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஆலன் ஸ்டர்ஜ், முகத்தின் ஒரு பக்கத்தில் செந்நிறப் பிறவி மறுவும், உடலின் எதிர்ப்பக்கத்தில் வலிப்பும் கொண்ட ஒரு சிறுமியைப் பற்றி விவரித்தார். மண்டைக்குள் பார்க்க எந்தக் கருவியும் இல்லாத அக்காலத்தில், முகத்தில் உள்ளதைப் போன்ற இரத்தக்குழாய் மறு அதே பக்கத்து மூளையின் மேற்பரப்பிலும் இருக்கவேண்டும் என்று அவர் உய்த்துணர்ந்தார். அந்த ஊகம் பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது. 1922இல் ஃபிரெடெரிக் பார்க்ஸ் வெபர் இந்நோயில் மூளை சுண்ணமேறியிருப்பதை எக்ஸ்ரே படத்தில் காட்டினார். இருவர் பெயராலும் ஸ்டர்ஜ்-வெபர் நோய் என வழங்கும் இதில், மூளையைத் தழுவிய மெல்லிய உறையில் தந்துகிகளும் நுண்சிரைகளும் மிகுதியாகப் பெருகியிருக்க, புறணியிலிருந்து இரத்தம் வடியும் இயல்பான சிரைகள் குன்றியிருக்கின்றன. தேங்கிய இரத்தத்தின் கீழ் அமைந்த புறணி, உயிர்வளிப் பற்றாக்குறையால் எளிதில் கிளர்ச்சியுறும் நிலையிலேயே காலங்கழிக்கிறது.

இக்குழந்தைகளின் தலைவலி, பிற குழந்தைகளின் தலைவலியைப் போல எளிதாகக் கடந்துவிடக்கூடியதன்று. கடும் வலியோடு, ஒரு பக்கக் கையும் காலும் சில மணி நேரமோ சில நாள்களோ வலுவிழந்து, பக்கவாதம் போலத் தோன்றிப் பின்னர் மீள்வதுண்டு. வலிப்பின் தொடர்ச்சியா, மைக்ரேனா, இரத்த ஓட்டக் குறைவா என்று பிரிக்க இயலாதபடி மூன்றும் ஒன்றையொன்று தூண்டுகின்றன. 2013இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஆய்வாளர்கள், ஜி.என்.ஏ.க்யூ. என்னும் மரபணுவில் ஒரேயோர் எழுத்து மாறியதால் இந்நோய் விளைகிறது என்று நிறுவினர். இம்மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதன்று. கரு உருவான பின்னர் ஏதோ ஓர் உயிரணுவில் நேர்ந்து, அதன் வழிவந்த அணுக்களில் மட்டும் நிலைத்துவிடுவது. கருவுற்ற காலத்தில் தாய் கண்ட கிரகணமோ உண்ட பண்டமோ பிறவி மறுவுக்குக் காரணம் என்ற நம்பிக்கை இன்னும் வழங்கிவரும் சூழலில், குடும்பத்தில் எவர்மீதும் பழியில்லை என்ற இவ்வுண்மை ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் பயன்தருவது.

நுரையீரலில் பிறக்கும் தலைவலி

அதே வெபரின் பெயர் வேறொரு நோயிலும் இடம்பெற்றுள்ளது. பாரிஸில் ஆன்றி ராந்து 1896இலும், பால்டிமோரில் வில்லியம் ஆஸ்லர் 1901இலும், லண்டனில் வெபர் 1907இலும் விவரித்த இந்நோய், தலைமுறை தலைமுறையாக வரும் மூக்கிரத்தப்போக்காக வெளிப்படுவது. உதட்டிலும் நாவிலும் விரல் நுனிகளிலும் குண்டூசித் தலையளவான செம்புள்ளிகள் தோன்றுவது. ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கருதப்படும் இதில், நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றிலும் தமனி-சிரை இணைப்புகள் உண்டாகின்றன. மூளையில் உண்டாவது ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே. ஆயினும் இந்நோயாளிகளில் ஆராவுடன் கூடிய மைக்ரேன் பொதுமக்களிடம் இருப்பதைக் காட்டிலும் மிகுந்து காணப்படுகிறது. அது மிகுந்து காணப்படுவோரும் நுரையீரலில் இணைப்பு உடையவர்களே.

நுரையீரலின் தந்துகி வலை, மூச்சுக்காற்றை இரத்தத்தில் கலப்பதோடு ஒரு வடிகட்டியாகவும் இயங்குகிறது. சிரைகளில் தோன்றும் நுண்ணிய இரத்தக்கட்டிகளையும் பிற துகள்களையும் அது தடுத்து நிறுத்திவிடுகிறது. அங்கே குறுக்குவழி ஒன்று இருப்பின், வடிகட்டப்படாத இரத்தம் நேரே மூளையை அடைகிறது. அதில் வரும் நுண்கட்டி ஒரு சிறு தமனியைச் சில கணம் அடைத்தாலே புறணி அலை கிளர்வதற்குப் போதும் என்பது இத்தொடர்புக்குக் கூறப்படும் விளக்கம். பெரிய கட்டி வந்தால் பக்கவாதமும், கிருமி வந்தால் மூளைச் சீழ்க்கட்டியும் நேரும். பல் பிடுங்குவதற்கு முன் இந்நோயாளிகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தரவேண்டும் என்ற மருத்துவ நெறி இதனால் ஏற்பட்டதே. தலைவலியைப் பற்றிக் கேட்கும் மருத்துவர் மூக்கிரத்தத்தைப் பற்றியும், நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர் பற்றியும் கேட்டால், நுரையீரலில் சுருள் கம்பி வைத்து அடைத்துவிடக்கூடிய ஒரு குறையைப் பக்கவாதத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட இயலும்.

படம் சொல்வதும் சொல்லாததும்

இதுவரை கூறியவை முதல் தவறுக்கு எதிரானவை. இரண்டாம் தவறைப் புரிந்துகொள்ளக் கேவர்னோமா என்னும் பிறழ்வு உதவுகிறது. மெல்லிய சுவருடைய இரத்த அறைகள் நெருங்கிக் கூடிய, முசுக்கட்டைப்பழம் போன்ற சிறு கொத்து இது. இதில் இரத்தம் மிக மெதுவாக ஓடுவதால் ஆஞ்சியோகிராமில் தென்படுவதில்லை, எம்.ஆர்.ஐ. வந்த பின்னரே இது எவ்வளவு பரவலானது என்பது தெரியவந்தது. ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுதும் எந்தத் தொல்லையும் தருவதில்லை. மைக்ரேனோ உலக மக்களில் ஏறத்தாழ 7 பேரில் ஒருவருக்கு இருப்பது. இவ்விரு நோய்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றே கொண்டாலும், 1,400 பேரைத் திரட்டினால் 200 பேருக்கு மைக்ரேனும் 7 பேருக்குக் கேவர்னோமாவும் இருக்கும்; அவ்வெழுவரில் சராசரியாக ஒருவருக்குத் தற்செயலாகவே இரண்டும் ஒருங்கே அமைந்திருக்கும். தமனிச் சுவரில் தோன்றும் பலூன் போன்ற புடைப்பாகிய அனியூரிசம் பெரியவர்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்கு இருப்பதால், அதே 1,400 பேரில் 42 பேருக்கு அது இருக்கும். அவர்களுள் 6 பேர் தற்செயலாகவே மைக்ரேன் உடையவராயிருப்பர். கேவர்னோமா உடைய அந்த ஒருவரும் இந்த அறுவருமாக, தற்செயலாக இரண்டும் அமைந்த எழுவரின் ஸ்கேன் அறிக்கையும் உண்மையே பேசும்; ஆனால் அவர்களது தலைவலிக்குக் காரணம் அதில் எழுதப்பட்டிராது.

பன்னாட்டுத் தலைவலிச் சங்கம் 1988இல் முதன்முதலாக வெளியிட்டு, 2004இலும் 2018இலும் திருத்திய தலைவலி வகைப்பாடு இச்சிக்கலை நன்குணர்ந்தே விதிகளை வகுத்துள்ளது. வெடிக்காத பிறழ்வுகளால் வரும் தலைவலிகளுக்கு அதன் ஆறாம் பிரிவில் தனி உட்பிரிவு உண்டு. அனியூரிசம், தமனி-சிரைப் பின்னல், வன்னுறை இணைப்பு, கேவர்னோமா, ஸ்டர்ஜ்-வெபர் நோய் ஆகிய ஐந்தும் அதில் அடங்குகின்றன. படத்தில் குறை இருப்பது மட்டும் போதாது. சான்று வேறு வேண்டும் என்பதே அவ்விதிகளின் உயிர்நாடி. தமனி-சிரைப் பின்னலை எடுத்துக்கொண்டால், அதன் பிற அறிகுறிகளோடு ஒட்டிய காலத்தில் வலி தொடங்கியிருத்தல், பின்னல் வளர வலியும் வளர்ந்தோ பின்னல் நீங்க வலியும் நீங்கியோ இருத்தல், வலி பின்னல் உள்ள இடத்தைச் சார்ந்திருத்தல் ஆகிய மூன்றனுள் இரண்டேனும் அமைந்திருக்கவேண்டும்.

இவ்வளவு கறாராக இருக்கவேண்டிய தேவை சிகிச்சையால் எழுகிறது. பின்னலை அகற்றுவதற்கு அறுவையும், குழாய்வழி அடைப்பும், குவிகதிர் வீச்சும் உண்டு. பின்னலின் அளவு, அது மூளையின் இன்றியமையாத பகுதியில் அமைந்துள்ளதா என்பது, அதன் வடிகால் ஆழ்சிரைகளில் இறங்குகிறதா என்பது ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டு அறுவையின் இடரைக் கணிக்கும் முறையை ஸ்பெட்ஸ்லரும் மார்ட்டினும் 1986இல் வகுத்தனர். ஆனால் ஒருபோதும் கசியாத பின்னலைத் தொடத்தான் வேண்டுமா என்பதற்கு விடைகாண, 9 நாடுகளில் ‘அருபா’ என்னும் பெயரில் ஓர் ஆய்வு நடைபெற்றது. மருந்தால் மட்டும் பேணப்பட்டவர்களையும் பின்னலுக்கு நேரடிச் சிகிச்சை பெற்றவர்களையும் ஒப்பிட்ட அவ்வாய்வில் 226 பேர் சேர்ந்திருந்த நிலையில், முடிவு தெளிவாகிவிட்டதாகக் கருதி 2013இல் சேர்க்கை நிறுத்தப்பட்டது. சராசரியாக 33 மாதக் கண்காணிப்பில், இறப்போ பக்கவாதமோ நேர்ந்தவர்கள் முதல் குழுவில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர். இரண்டாம் குழுவில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர். இளவயதில் பின்னல் கண்டறியப்பட்டவர் அரைநூற்றாண்டுக்கால இடரைச் சுமக்கிறார், 33 மாதங்கள் அதற்கு அளவாகா என்றும், பலவகைச் சிகிச்சைகள் ஒன்றாகக் கணக்கிடப்பட்டன என்றும் எழுந்த மறுப்புகள் வலுவானவையே. ஆயினும், தலைவலியைத் தீர்ப்பதற்காக மட்டும் கசியாத பின்னல் ஒன்றில் கைவைப்பது எளிதாக எடுக்கக்கூடிய முடிவன்று என்பதை அவ்வெண்கள் ஐயமறக் காட்டின. பின்னல் நீங்கியபின் வலி தணிந்தவர்கள் உண்டு, தணியாதவர்களும் உண்டு.

எனவே, தலைவலி உடைய ஒவ்வொருவருக்கும் ஸ்கேன் என்பது பாதுகாப்பும் ஆகாது, சிக்கனமும் ஆகாது. நெடுங்காலமாக ஒரே தன்மையில் வந்துபோகும் வலியும், பரிசோதனையில் குறையற்ற நரம்பு மண்டலமும் உடையவருக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இடியிறங்கியது போலச் சில நொடிகளில் உச்சத்தை எட்டும் வலி, வலியோடு ஒரு கண்ணிமை இறங்கிப் பாவை விரிதல், வலிப்பு, கைகால் தளர்ச்சி, நாடியோடு ஒலிக்கும் காதிரைச்சல், நடுவயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கும் வலி, பழகிய வலி தன் இயல்பு மாறுதல் ஆகியவையே காத்திராமல் ஆராயப்படவேண்டியவை. இவற்றுள் முதலிரண்டும் அனியூரிசம் வெடித்ததையோ வெடிக்கவிருப்பதையோ உணர்த்தக்கூடுமாதலால், உடனே மருத்துவமனைக்கு விரையவேண்டியவை.

இவ்வரிய நோய்களைத் தொகுத்து நோக்கும்போது, இவற்றின் வரலாறு நெடுகிலும் படத்துக்கு முன்னரே ஒரு கேள்வி இருந்துவந்திருப்பது புலனாகிறது. ஸ்டர்ஜ் முகத்து மறுவைப் பார்த்து மூளையை உணர்ந்ததும், லாஷ்லி தம் கண்முன் நகர்ந்த ஒளிக்கோட்டை அளந்து புறணி அலையின் வேகத்தைக் கணித்ததும் எந்தப் படமும் இல்லாமலேதான். கருவிகள் அவ்வூகங்களை உறுதிசெய்தன; ஊகத்தின் இடத்தை அவை எடுத்துக்கொள்ளவில்லை. ஒற்றைத் தலைவலி என்று நோயாளி சொல்லும்போது, ‘எப்போதும் அதே பக்கம்தானா?’ என்று கேட்பதற்குச் செலவு ஏதுமில்லை. ஸ்கேன் அறிக்கை வந்த பின்னர், ‘இந்தக் குறை இல்லாதிருந்தாலும் இவருக்கு இவ்வலி வந்திருக்குமா?’ என்று மருத்துவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்வதற்கும் செலவில்லை. முதற்கேள்வியைக் கேட்காமல் விட்டால் ஒரு நோய் மறைந்தே கிடக்கும். இரண்டாம் கேள்வியைக் கேட்காமல் விட்டால், 1,400 பேரில் தற்செயலாக அகப்பட்ட அவ்வெழுவருள் ஒருவர், தம் வலிக்குத் தொடர்பே இல்லாத குறைக்காக அறுவை மேசையில் கிடத்தப்படுவார்.